பையின் எண்ணிக்கையை எங்கள் உடலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் உட்பக்கத்தில் நான்கு வரியில் ஒரு செய்தி வந்திருந்தது. ஸ்டோமா, அதாவது கழிவு வெளியேற அறுவை சிகிச்சையில் வயிற்றில் அமைத்த திறப்பு, உள்ளவர்களுக்கு மாதந்தோறும் வழங்கப்படும் பைகளின் எண்ணிக்கை அடுத்த மாதம் முதல் 'முறைப்படுத்தப்படும்' என்றும், துணைப் பொருட்கள் நிறுத்தப்படும் என்றும் அதில் இருந்தது. பெரும்பாலான வாசகர்கள் அதைக் கடந்து போயிருப்பார்கள். நான் மூன்று முறை படித்தேன். பிறகு எழுந்து போய் அலமாரியைத் திறந்து, என்னிடம் இருக்கும் பைகளை எண்ணினேன்.

நான் தையல் தொழிலாளி. பெருங்குடல் அழற்சி முற்றியதால் 11 ஆண்டுகளுக்கு முன் என் பெருங்குடல் முழுவதையும் அகற்றினார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியை வயிற்றின் வலப்பக்கம் வெளியே எடுத்துத் தோலோடு சேர்த்துத் தைத்தார்கள். அந்தத் திறப்புக்குத்தான் ஸ்டோமா என்று பெயர். என்னுடையது இலியோஸ்டமி வகை. கன்னத்தின் உட்புறம் போலச் சிவந்து, எப்போதும் ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது. மூடித் திறக்கும் தசை அதற்குக் கிடையாது. கழிவு எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது, வந்தால் அடக்கவும் முடியாது. உங்களுக்கு அந்தத் தசை செய்யும் வேலையை எனக்கு வயிற்றில் ஒட்டியிருக்கும் பை செய்கிறது.

இதையெல்லாம் நாளிதழுக்கு எழுத வேண்டுமா என்று என் மகள் கேட்டாள். நாம் வாய் திறக்காமல் இருப்பதால்தான் நான்கு வரியில் முடித்துவிடுகிறார்கள் என்று சொன்னேன்.

பை என்றதும் பலர் ஒரு பிளாஸ்டிக் உறையைத்தான் நினைக்கிறார்கள். உண்மையில் எங்களைக் காப்பாற்றுவது அதன் பின்னால் இருக்கும் ஒட்டும் தட்டு. பேஸ் பிளேட் என்று நாங்கள் சொல்வோம். பெக்டின், ஜெலட்டின் போன்றவற்றைக் கலந்து செய்த அந்தத் தட்டு தோலின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே ஒட்டியிருக்கும். ஸ்டோமாவின் அளவுக்கு அதில் துளை வெட்டிக்கொள்ள வேண்டும். ஸ்டோமாவைவிட இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் போதும். அதற்குமேல் அகன்றால் இடையில் தெரியும் தோலைக் கழிவு அரிக்கும். குறுகினால் ஸ்டோமாவையே அறுத்துவிடும், வலி இல்லாததால் இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். வளைந்த சிறு கத்தரிக்கோலால் நானே வெட்டிக்கொள்கிறேன். தொழில் கைகொடுக்கிறது. விரல் நடுங்கும் வயதானவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்பதை, ஸ்டோமா உள்ளவர்கள் கூடும் எங்கள் மாதக் கூட்டத்தில் பார்க்கிறேன்.

புதிய ஏற்பாட்டில் ஒருவருக்கு மாதத்துக்கு 5 தட்டு, 5 பை. எல்லோருக்கும் தட்டையான ஒரே வகை. பேஸ்ட், பவுடர், வளையம், பெல்ட் எதுவும் கிடையாது. இதுவரை எனக்கு 10 தட்டுகள் வந்தன, மூன்று நாளுக்கு ஒன்று. இனி ஆறு நாளுக்கு ஒன்று.

ஒரு தட்டை ஆறு நாள் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் வைத்திருந்து பார்த்தவள். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை பொருட்கள் மூன்று வாரம் தாமதமாக வந்தன. இருந்த ஒரு தட்டை ஏழாம் நாள்வரை ஒட்டியே வைத்திருந்தேன். ஓரம் கிளம்பிய இடத்தில் மருத்துவ டேப் ஒட்டினேன். இலியோஸ்டமியில் வருவது இறுகிய மலம் அன்று. பெருங்குடல் இல்லாததால் நீர் உறிஞ்சப்படாமல், கணையத்தின் செரிமான நொதிகளோடு அப்படியே வருகிறது. இறைச்சியையே கரைக்கிற அந்த நொதிகளுக்கு என் தோலைக் கரைக்க நெடுநேரம் தேவைப்படவில்லை. தட்டை உரித்தபோது ஸ்டோமாவைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. நீர் கசியும் தோலில் புதிய தட்டு ஒட்டாது. ஒட்டாத தட்டின் அடியில் மறுபடியும் கழிவு இறங்கும். அடுத்து வந்த பொதியிலிருந்து ஒரு வாரத்தில் 9 தட்டுகளைத் தீர்த்தேன். சாதாரணமாகக் கிட்டத்தட்ட ஒரு மாதத்துக்குப் போதுமானவை. எண்ணிக்கையைக் குறைத்தால் செலவு குறையும் என்று கணக்குப் போட்டவர்கள் அந்த ஒரு வாரத்தைத் தயவுசெய்து கணக்கில் சேர்க்க வேண்டும். தோல் ஆறுவதற்கு மருத்துவமனைக்கு நடந்த நடைகளையும், வேலைக்குப் போகாத நாட்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்த மூன்று வாரத்தில் இன்னொன்றும் செய்தேன், பலரும் இதைச் செய்கிறோம். பை நிறையக்கூடாது என்று சாப்பாட்டைக் குறைத்தேன், தண்ணீரையும் குறைத்தேன். பெருங்குடல் இல்லாதவர்களுக்கு இது ஆபத்து. நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர்வரை நீரும் உப்பும் பை வழியாகவே வெளியேறிக்கொண்டிருக்கின்றன. குடிப்பதை நிறுத்தினாலும் வெளியேறுவது நிற்காது. தலைசுற்றி, தையல் இயந்திரத்தின் மேலேயே சாய்ந்துவிட்டேன். நீரிழப்பு இன்னும் நீடித்திருந்தால் சிறுநீரகம் பாதித்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார்.

ஒரே வகைத் தட்டு என்பதைப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. என் ஸ்டோமா உள்ளிழுத்துவிட்டது. தோலின் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. உடலின் பக்கமாகப் புடைத்திருக்கும் கான்வெக்ஸ் தட்டை வைத்து, பெல்ட் கட்டி அழுத்தினால்தான் கழிவு பைக்குள் விழும். தட்டையானதை ஒட்டினால் அரை நாள்கூடத் தாங்காது. மூன்று ஆண்டுகள் தட்டையானதைப் பயன்படுத்திவிட்டு, ஒரு ஸ்டோமா செவிலியர் என்னை நிற்கவும் உட்காரவும் குனியவும் வைத்துப் பார்த்த பிறகே இது தெரிந்தது. படுத்திருக்கும்போது சமமாக இருக்கிற வயிறு, உட்கார்ந்ததும் மடிகிறது. நான் நாள் முழுவதும் உட்கார்ந்து குனிந்து வேலை செய்கிறவள். அந்த மடிப்பில் வைக்கும் சிறு வளையத்தைத்தான் இப்போது 'துணைப் பொருள்' என்று நீக்குகிறார்கள். என் தொழிலில் ஆளைப் பார்க்காமல் துணியில் கத்தரி வைக்க மாட்டோம்.

எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒருவர் பஸ் நடத்துநராக இருந்தவர். புற்றுநோயால் சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டார்கள், அவருடையது யூரோஸ்டமி, சிறுநீர் வெளியேறும் ஸ்டோமா. அவருக்குச் சிறுநீர் ஒரு நிமிடம்கூட நிற்காமல் சொட்டும். இரவில் பையோடு குழாய் இணைத்துப் பெரிய பையில் சேகரிக்க வேண்டும், இல்லாவிட்டால் தூக்கமே இல்லை. அந்த இரவுப் பை புதிய பட்டியலில் இல்லை. இன்னொரு பெண்மணிக்கு இடப்பக்கக் கொலஸ்டமி, அதாவது பெருங்குடலை வெளியே எடுத்து அமைத்த ஸ்டோமா. குறிப்பிட்ட நேரத்தில் தண்ணீர் செலுத்திக் குடலைக் கழுவிவிடப் பயிற்சி பெற்றிருக்கிறார். மற்ற நேரத்தில் சிறிய மூடி போதும், மாதம் 5 பை அவருக்கு அதிகம். ஆசனவாய் சரியாக அமையாமல் பிறந்த ஒரு குழந்தைக்கு, அடுத்த அறுவை சிகிச்சைவரை தற்காலிகமாகக் கொலஸ்டமி செய்திருக்கிறார்கள். அந்தத் தாய்க்குத் தேவை உள்ளங்கையில் அடங்குகிற பை. பெரியவர்களின் தட்டை ஒட்டினால் குழந்தையின் வயிறு முழுவதையும் அது மூடிவிடும். போன மாதம் அந்தப் பெண் குழந்தையின் வயிற்றில் கைக்குட்டையை மடித்து வைத்துக் கட்டித் தூக்கி வந்தாள். எங்களில் யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. எல்லோருக்கும் புரிந்தது. சராசரி என்று ஓர் எண்ணைப் போட்டால் இந்த நான்கு பேரில் ஒருவருக்கும் அது பொருந்தாது.

துணியும் உறையும் கட்டிக்கொண்டு வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. 1954-இல் டென்மார்க்கில் எலிசே சோரன்சன் என்ற செவிலியர், ஸ்டோமா அறுவைக்குப் பிறகு வெளியே செல்லவே அஞ்சிய தன் சகோதரி தோராவுக்காகத்தான் தோலில் ஒட்டிக்கொள்ளும் பையை யோசித்தார். ஸ்டோமா பராமரிப்பைத் தனித் தொழிலாக முதலில் செய்த நோர்மா கில், தானே இலியோஸ்டமியுடன் வாழ்ந்தவர். அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் ரூபர்ட் டர்ன்புல் என்ற அறுவை மருத்துவர், தன் நோயாளியாக இருந்த அவரையே 1958-இல் மற்ற நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுக்கப் பணியில் அமர்த்தினார். எங்கள் செவிலியர் இதைச் சொன்ன நாளிலிருந்து எனக்கு ஒரு துணிச்சல். இந்தப் பொருட்கள் எங்களைப் போன்றவர்களின் சொல்லைக் கேட்டு உருவானவை. வழங்குவதை முடிவு செய்யும்போது மட்டும் எங்களை ஏன் கேட்கவில்லை? ஸ்டோமா உள்ளவர்களுக்கான சர்வதேச ஆஸ்டமி சங்கம் 1993-இல் வெளியிட்டுப் பின்னர் திருத்திய உரிமைச் சாசனம், கட்டுப்படியாகும் விலையில் பலவகைப் பொருட்கள் தடையின்றிக் கிடைப்பதை எங்கள் உரிமை என்கிறது. ஜப்பானில் நிரந்தர ஸ்டோமா உள்ளவர்களை மாற்றுத்திறனாளிகளாக ஏற்றுப் பைகளுக்கு உதவி தருகிறார்கள், பொதுக் கழிப்பறைகளில் பையைக் காலிசெய்து கழுவத் தனித் தொட்டியே வைத்திருக்கிறார்கள்.

பொருட்கள் வீணாகின்றன என்று காரணம் சொல்கிறார்களாம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. தற்காலிக ஸ்டோமாவை மூடிய பிறகும் சிலருக்குப் பைகள் வந்துகொண்டே இருந்தன. இறந்துபோன ஒருவருடைய வீட்டில் பிரிக்காத பெட்டிகள் இருந்ததை நானே பார்த்தேன். நானும் சில பைகளை ஒதுக்கி வைக்கிறேன், அந்த மூன்று வாரத்துக்குப் பிறகு ஒதுக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. பொதி நேரத்துக்கு வரும் என்ற நம்பிக்கை இருந்தால் யாரும் பதுக்க மாட்டார்கள். வெப்பம் பட்டால் தட்டின் பசை கெட்டுவிடும், காலாவதித் தேதியும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் செவிலியர் நேரில் பார்த்து அளவெடுத்து, தேவையைத் திருத்தட்டும். எனக்குக் குறைவாகப் போதும் என்று அவர் சொன்னால் வாங்கிக்கொள்கிறேன். பார்க்காமல் பாதியாக வெட்டுவதைத்தான் ஏற்க முடியாது.

ஆகவே கேட்கிறேன்: எத்தனை பை, எந்த வகைத் தட்டு என்பதை மருத்துவரோ ஸ்டோமா செவிலியரோ எழுதித்தரும் சீட்டின்படி வழங்குங்கள். பேஸ்ட், பவுடர், வளையம், பெல்ட், இரவுப் பை ஆகியவற்றைத் துணைப் பொருள் என்று தள்ளாதீர்கள், அவை இல்லாவிட்டால் எங்களில் பலருக்குப் பை நிற்பதே இல்லை. வகையை மாற்றியே ஆக வேண்டும் என்றால் முன்கூட்டிச் சொல்லி, மாதிரி கொடுத்து, ஒட்டிப் பார்க்க அவகாசம் கொடுங்கள். பழையது தீரும் நாளில் புதியதைக் கையில் திணிக்காதீர்கள். முடிவெடுக்கும் மேசையில் எங்களில் இருவரையாவது உட்கார வையுங்கள்.

சென்ற மாதம் ஒருவருக்கு ரவிக்கை அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது இடுப்பில் சூடாக இறங்குவதை உணர்ந்தேன். தட்டு கிளம்பிவிட்டது. அவர் போகும்வரை துணியை மடியில் குவித்து வைத்துக்கொண்டு எழுந்திருக்காமலே பேசி அனுப்பினேன். அன்று அலமாரியில் மாற்றுத் தட்டு இருந்தது. பத்து நிமிடத்தில் கழுவி, துடைத்து, புதிய தட்டை உள்ளங்கைக்குள் வைத்துச் சூடாக்கி ஒட்டிக்கொண்டு மறுபடியும் இயந்திரத்தில் உட்கார்ந்தேன். மாலைக்குள் அந்த ரவிக்கையை முடித்தும் விட்டேன்.

ஆசிரியர் அவர்களே, புதிய அளவு நடைமுறைக்கு வருவதற்கு முன் எங்கள் கூட்டம் இன்னும் ஒருமுறை கூடுகிறது. அந்த நான்கு வரியை எழுதிய நிருபரை அன்று அனுப்பிவையுங்கள். நடத்துநரும், கைக்குழந்தையோடு அந்தத் தாயும் வருவார்கள். படம் வேண்டாம், பெயர் வேண்டாம். அவர்கள் சொல்வதைக் கேட்டு, நான்கு வரிக்கு மேல் எழுதட்டும்.

இப்படிக்கு,
இலியோஸ்டமியுடன் வாழும் ஒரு தையல் தொழிலாளி