புலம்பெயர் உறவுகள் கொண்டுவரும் கிற்றார்களும் அவற்றின் பெட்டிகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஓகஸ்ட் விடுமுறையிலும் கோயில் திருவிழாக் காலங்களிலும் வன்னிக்கு வரும் புலம்பெயர் உறவுகளின் பயணப்பொதிகளில், சொக்லேட்டுக்கும் உடுப்புக்கும் அப்பால், கிற்றாரும் வயலினும் ஓர்கனும் வரத் தொடங்கியிருக்கின்றன. இடம்பெயர்வுகளின்போது வீட்டு வாத்தியங்களையும் தேவாலய வாத்தியங்களையும் விட்டுவந்த மக்களின் பிள்ளைகள் மறுபடியும் இசை பழகுவதற்கு இவை பெரும் துணை. ஆனால் கிளிநொச்சியில் வாத்தியங்கள் திருத்தும் தொழில் செய்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வந்திறங்கும் கிற்றார்களில் கழுத்து முறிந்தவை என்னிடம் அடிக்கடி வருகின்றன. எல்லோரும் விமான நிறுவனத்தைத்தான் திட்டுகிறார்கள். பொதிகளைத் தூக்கி எறிபவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. எனினும் பெரும்பாலான முறிவுகள் ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ பெட்டி மூடப்படும்போதே முடிவாகிவிடுகின்றன என்பதே என் கருத்து.

கிற்றார் முறியும் இடம் பெரும்பாலும் ஒன்றே: கம்பிகள் முறுக்காணிகளை நோக்கித் திரும்புகின்ற, கழுத்தும் தலையும் சந்திக்கின்ற இடம். கம்பிகளின் இழுவைக்கு எதிராகக் கழுத்தை நேராக வைத்திருக்க அதனுள் ஓடும் இரும்புக் கோலுக்காகப் பல வகைகளில் அவ்விடத்தில் மரத்தைக் குடைந்திருப்பார்கள். தலை பின்பக்கம் சாய்ந்திருக்கும் வகைகளில் மரத்தின் இழையும் அங்கே குறுக்காக வெட்டுப்படுகிறது. அதன்மேல் ஆறு உருக்குக் கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் இழுவையைக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. இந்த நிலையில் பெட்டி மல்லாக்க விழுந்தால், பஸ் திடீரென்று பிரேக் போடும்போது நிற்பவரின் தலை வெட்டி அசைவதுபோல, முறுக்காணிகளின் பாரம் முழுவதும் சேர்ந்து கிற்றாரின் தலையைச் சுண்டிவிடுகிறது. பெட்டியில் கீறல்கூட இராது. உள்ளே கழுத்து முறிந்திருக்கும்.

இதைத் தடுக்கச் செலவு எதுவும் இல்லை. பெட்டிகள் அனேகமாகக் கழுத்தை மட்டுமே தாங்குகின்றன, தலை அந்தரத்தில் நிற்கிறது. ஆகையால் தலைக்குக் கீழும் மேலும் இருபக்கமும் பழைய ரீசேட்டுகளையோ துவாய்களையோ, அழுத்தாமலும் அசையவிடாமலும், வைத்து நிரப்ப வேண்டும். உடற்பகுதி பெட்டிக்குள் நகராதபடி அடிப்பக்கத்து இடைவெளியையும் அடைக்க வேண்டும். கம்பிகளை இரண்டு மூன்று அரைச்சுரம் இறக்கிவிட்டால் போதும். முற்றாகக் கழற்றினால் உள்ளிருக்கும் இரும்புக் கோல் கழுத்தை மறுபக்கம் வளைக்கும் என்பதால் அதை நான் விரும்புவதில்லை. மறக்காமல், கப்போ (கழுத்தில் மாட்டும் கவ்வி), ரியூனர் (சுருதி பார்க்கும் கருவி), மேலதிகக் கம்பிச் சுருள் முதலியவற்றைப் பெட்டிக்குள் தளர்வாகப் போடாதீர்கள். முகப்பலகையில் விழும் குத்துகளுக்கு அவையே காரணம். முறிந்து வந்துவிட்டாலும், சுத்தமான முறிவை நல்ல மரப் பசையும் இறுக்கியும் கொண்டு பலமாக ஒட்டலாம். கடையில் வாங்கிய சுப்பர் குளூவை வீட்டில் ஊற்றிவிட்டுக் கொண்டுவந்தால் மட்டும், அதைச் சுரண்டி எடுப்பதிலேயே மரம் போய்விடுகிறது.

துணிப்பை விமானத்தின் பயணிகள் பகுதிக்குள் கையோடு கொண்டுவருபவர்களுக்கு உரியது. அதையும் வாசலில் பறித்துக் கீழே போட்டுவிடக்கூடும். அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டின் சட்டமும் 2015இல் நடைமுறைக்கு வந்த விதியும், ஏறும் நேரத்தில் மேல்தட்டில் இடமிருந்தால் சிறிய இசைக்கருவியை அனுமதிக்குமாறு அந்நாட்டு விமான நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகின்றன. ஏனைய நாடுகளின் நிறுவனங்களுக்குத் தத்தம் ஒழுங்குகள் உண்டு. பயணச்சீட்டு எடுக்கும்போதே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் பெற்று, அச்சிட்டு வைத்திருப்பது நல்லது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமானநிலையத்துக்கு வருபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கு வரும் ஏ.டி.ஆர். 72 ரக விமானத்தின் மேல்தட்டுகள் சிறியவை. முழு அளவுக் கிற்றார் அவற்றுக்குள் போகாது. ஆகவே கடினமான பெட்டிதான் வழி. அப்பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் பல நிறுவனங்கள் விதிக்கும் 158 சென்ரிமீற்றர் எல்லையை அது தாண்டிவிடும் என்பதையும், மேலதிகக் கட்டணம் கேட்கப்படலாம் என்பதையும் முன்னரே எதிர்பார்த்து வர வேண்டும்.

கட்டுநாயக்கவில் இறங்கியதோடு ஆபத்து முடிவதில்லை. அங்கிருந்து கிளிநொச்சிக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். சூட்கேசுகளுக்கு இடம் போதாமல் கிற்றார் வானின் கூரைக்கு ஏறுகிறது. அதன்மேல் கறுப்புத் தறப்பாள். தம்புள்ளைக்கு அப்பால் மதிய வெயிலில் அந்தத் தறப்பாளுக்குள் ஏறும் சூட்டில் பசை இளகி, கம்பிகளின் இழுவைக்கு, முகப்பலகையில் அவற்றைப் பிடித்திருக்கும் பாலம் மெல்லக் கிளம்பிவிடும். வீணையாயின் மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகே இளகும். ஆட்கள் மடியில் வைத்துக்கொண்டாவது வாத்தியத்தை உள்ளே ஏற்ற வேண்டும்.

மின்சாரக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கனடாவில் மின்னழுத்தம் 120 வோல்ற்று, இங்கே 230 வோல்ற்று. அங்கு வாங்கிய அம்பிளிபயரை இங்கு நேரடியாகச் செருகினால் அது எரிந்துபோகும். பின்புறத்தில் 100–240 என்று எழுதியிருந்தால் மட்டும் பயமில்லை. லித்தியம் பற்றரிகளையும் பவர் பாங்கையும் கையில்தான் கொண்டுவர வேண்டும். 100 வாற்-மணித்தியாலத்துக்கு உட்பட்டவை பொதுவாக அனுமதிக்கப்படுகின்றன. வயர்லெஸ் மைக்கின் உதிரிப் பற்றரிகளைச் சூட்கேசுக்குள் போட்டுவிட்டு விமானநிலையத்தில் பொதியைத் திறக்கச் சொல்லும்போது கோபப்படுவதில் பயனில்லை.

இங்கிருந்து வெளிநாட்டுக் கோயில்களுக்குச் செல்லும் தவில், நாதஸ்வர, மிருதங்கக் கலைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. அவுஸ்திரேலியாவுக்குள் நுழையும்போது தோலும் மரமும் கொண்ட கருவிகளை வருகை அட்டையில் கட்டாயம் அறிவிக்க வேண்டும். மாரி காலத்தில் கனடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ போனால், வெப்பமூட்டிய வீடுகளின் காற்று எங்கள் காற்றைவிட மிகவும் வரண்டது. பெட்டியைச் சில மணி நேரம் மூடியபடியே அறையில் வைத்துவிட்டுத் திறப்பதே மரத்துக்கும் தோலுக்கும் பாதுகாப்பு.

ஆனால் இங்கு வந்திறங்கும் பெட்டிக்கு நான் சொல்வது இதற்கு நேர்மாறானது: விமானநிலையத்தை விட்டு வெளியேற முன்னரே அதைத் திறந்து பார்க்க வேண்டும். எங்களவர்கள் இழப்பீட்டை இழப்பது இந்த இடத்தில்தான். விமான நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மொன்றியல் உடன்படிக்கை பொருந்தும் பயணங்களில், பொதி சேதமடைந்தால் அதைக் கையேற்ற நாளிலிருந்து 7 நாட்களுக்குள் எழுத்துமூலம் முறையிட வேண்டும். எங்கள் வழக்கம் என்ன? வந்தவர் முதலில் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கும் மடு மாதா கோயிலுக்கும் போவார், உறவினர் வீடுகளில் விருந்துண்பார், பிறகு மருமகனின் பிறந்தநாளன்று எல்லோர் முன்னிலையிலும் பெட்டியைத் திறப்பார். அதற்குள் ஏழு நாள் கடந்துவிட்டிருக்கும். சேதம் தெரிந்தால் பொதி முறைப்பாட்டுக் கருமபீடத்தில் அறிக்கை எழுதுவித்து அதன் பிரதியைப் பெற வேண்டும். புறப்படும் முன் பெட்டியின் உள்ளும் புறமும் எடுத்த படங்களும் வாங்கிய பற்றுச்சீட்டும் கைத்தொலைபேசியில் இருக்க வேண்டும். இந்த உடன்படிக்கையின்படி ஒரு பயணியின் பொதிகள் அனைத்துக்கும் சேர்த்துக் கிடைக்கக்கூடிய உச்சத்தொகை, 2024 டிசெம்பர் 28 முதல், 1,519 சிறப்பு எடுப்பனவு உரிமைகள் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலர். அதைவிடப் பெறுமதியான வாத்தியம் என்றால், பொதியைக் கையளிக்கும்போதே பெறுமதியை அறிவித்து அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தலாம். ‘உடையக்கூடியது’ என்று ஒட்டும் சீட்டில் கையெழுத்து வாங்கினால், சேதத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்ற வாசகம் அதில் இருக்கிறதா என்று வாசித்துவிட்டே கையெழுத்திடுங்கள்.

ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. ஒரு பாடசாலைக்குப் பத்துக் கிற்றார்களைத் துணிப்பைகளில் அனுப்புவதைவிட, ஆறு கிற்றார்களை நல்ல பெட்டிகளில் அனுப்புங்கள். அந்தப் பெட்டிகள் பிறகும் அவற்றை ஈரத்திலிருந்தும் கறையானிலிருந்தும் காக்கும். அத்துடன், உலோக விளிம்பிட்ட பலமான பயணப் பெட்டிகள் சிலவற்றைத் தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் வீணைக்குமென வாங்கி, வன்னியின் பிரதேச செயலகங்களிலுள்ள கலாசார உத்தியோகத்தர்களின் பொறுப்பில் விடலாம். வெளிநாடு செல்லும் கலைஞர் கையெழுத்திட்டு எடுத்துச் சென்று, திரும்பியதும் ஒப்படைப்பார். வருடத்தில் ஓரிரு தடவை மட்டும் தேவைப்படும் பெட்டியை ஒரு தவில் வித்துவான் தன் சொந்தப் பணத்தில் வாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டக் கலாசார அதிகாரிகள் இதைப் பரிசீலிப்பார்களாயின், எந்தெந்த அளவுப் பெட்டிகள் தேவை என்ற விபரத்தை வாத்தியம் திருத்துபவர்களாகிய நாங்கள் எழுதிக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம்.

இங்ஙனம்,
வாத்தியம் திருத்தும் வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.