வேளாங்கண்ணியில் என்னோடு செபித்த அம்மாவுக்கு நன்றி

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாளான ஞாயிற்றுக்கிழமை, வேளாங்கண்ணிக் கடற்கரையில் தம்பியைப் பறிகொடுத்து நின்ற எனக்குத் துணையிருந்த அம்மா, பெயர்கூடத் தெரியாத உங்களுக்கு இந்த நன்றியை எழுதுகிறேன்.

சுமத்ராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை, திருப்பயணிகள் நிறைந்திருந்த கடற்கரையை வாரிக்கொண்டு போனது, பேராலயம் தப்பியது. ஆலயத்தைக் காத்தவர் என் தம்பியை ஏன் காக்கவில்லை என்று நான் கதறியபோது, எல்லாம் அவர் சித்தம் என்று பிறர் சொன்ன ஆறுதலை நீங்கள் சொல்லவில்லை. “அதை அவரிடமே கேளம்மா, கோபம் வந்தால் கோபத்தோடே கேள்” என்றீர்கள்.

பிறகு, சேறு காயாத சேலையோடு என் அருகில் அமர்ந்து, செபமாலையில், இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் துயர மறைபொருள்களைத் தொடங்கினீர்கள். எனக்கு நா எழவில்லை. அருள் நிறைந்த மரியே செபத்தின் முன்பாதியைச் சொல்லி, நான் சொல்லவேண்டிய பின்பாதியையும் நீங்களே சொல்லி முடித்து, மணியை மட்டும் என் விரல்களுக்கு நகர்த்திக் கொடுத்தீர்கள். அவற்றுள் முதலாவதான, துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலவேண்டும் என்று சாவுக்கு முந்திய இரவில் கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே மன்றாடினார் என்பது அதுவரை எனக்கு வெறும் மனப்பாடமாகவே இருந்தது. அஞ்சுகிறவர்களின் செபமும் விசுவாசமே என்பது அன்றுதான் விளங்கியது.

தம்பி திரும்பவில்லை; அச்சமும் உடனே விலகிவிடவில்லை. ஆயினும், இரவில் கடலோசை கேட்டு நடுங்கும்போதெல்லாம் இறைவனிடம் பேச எனக்கு வாய் இருந்தது. நீங்களும் அன்று யாரையேனும் தேடிக்கொண்டிருந்தீர்களோ, அதையும் நான் கேட்கவில்லை. நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாள் திருப்பலியில், தம்பியோடு உங்கள் குடும்பத்தாரையும் ஆண்டுதோறும் ஒப்புக்கொடுத்து வருகிறேன். மிக்க நன்றி, அம்மா.