தடுப்பூசி அட்டையின் கடைசிப் பக்கம்: கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கால்நடை மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் மணி ஏழு வயதில் இறந்துபோனான். ஜெர்மன் ஷெப்பர்ட். அன்று இரவு சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் குமட்ட ஆரம்பித்தான். வயிற்றை எக்கி எக்கிக் குமட்டியும் வெள்ளை நுரையும் எச்சிலும் தவிர எதுவும் வெளியே வரவில்லை. படுத்தான், எழுந்தான், மறுபடி படுத்தான். திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தான். அவன் வயிறு மத்தளம் போல இறுகியிருந்தது. கையால் தொட்டுப் பார்த்தும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அஜீரணம்தான், காலையில் சரியாகிவிடும் என்று தடவிக்கொடுத்தபடி உட்கார்ந்திருந்தேன். விடியும்போது ஈறு வெளுத்துவிட்டது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நேரம் கடந்திருந்தது.

அது இரைப்பை முறுக்கு என்று அப்புறம்தான் தெரிந்தது. இரைப்பை காற்றால் உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்கிறது. உள்ளே இருப்பது மேலேயும் வர முடியாது, கீழேயும் போக முடியாது. உப்பிய இரைப்பை பெரிய ரத்தக்குழாய்களை அழுத்துவதால் இதயத்துக்கு ரத்தம் திரும்புவது குறைகிறது. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். சீக்கிரமே அறுவை சிகிச்சை செய்து முறுக்கை எடுத்துவிட்டு, மறுபடி திரும்பாதபடி இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிட்டால் பெரும்பாலான நாய்கள் பிழைத்துக்கொள்கின்றன. கிரேட் டேன், டாபர்மேன், ஷெப்பர்ட் போல ஆழமான மார்புக்கூடு உள்ள பெரிய இனங்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். இதெல்லாம் உங்களுக்குப் பாடப்புத்தகத்தின் ஆரம்பப் பாடம். ஏழு வருடத்தில் எத்தனையோ தடவை ஊசிக்காக மணியைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஒருவரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தானே கேட்பேன்?

அதனால் உங்கள் எல்லோரிடமும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒருவர் தன் குட்டியை முதல் தடுப்பூசிக்குக் கொண்டுவரும் நாளில், ஐந்து நிமிடம் நாயின் வயிற்றைப் பற்றிப் பேசுங்கள். வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கேட்கிறேன்.

வாந்தியிலிருந்தே தொடங்கலாம். வாயிலிருந்து எது வந்தாலும் எங்களுக்கு வாந்திதான். வயிற்றைக் குலுக்கி, எக்கி வெளியே தள்ளுவது வாந்தி. தலையைக் குனிந்ததும் எந்தச் சிரமமும் இல்லாமல், சாப்பிட்டது செரிக்காமல் அப்படியே வந்து விழுவது எதுக்களிப்பு. முன்னது வந்தால் இரைப்பை, குடல் தொடங்கிக் கணையம், சிறுநீரகம் வரை தேட வேண்டும். பின்னதில் கோளாறு பெரும்பாலும் உணவுக்குழாயில் இருக்கும். உணவுக்குழாய் தளர்ந்து விரிந்துபோன நாயை நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்டவே வேண்டியிருக்கும். இந்த வித்தியாசம் தெரிந்த ஒருவர் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தால் உங்களுக்கே எவ்வளவு நேரம் மிச்சம்! போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், போதும்.

மலத்தைப் பார்க்கவும் சொல்லிக்கொடுங்கள். பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். அடிக்கடி முக்கி, கொஞ்சம் கொஞ்சமாக, சளியோடு, சில சமயம் சிவப்பு ரத்தத்தோடு போனால் கோளாறு பெருங்குடலில் இருக்கலாம். ஒரே தடவையில் நிறையப் போய், நாளாக ஆக உடம்பும் இளைத்தால் சிறுகுடலைச் சந்தேகிக்க வேண்டும். தார் போலக் கறுத்திருந்தால் மேலே எங்கேயோ ரத்தம் கசிந்து செரித்து வருகிறது என்று அர்த்தம். சிவப்பைப் பார்த்தால் எல்லோரும் பதறுவோம். கறுப்பைப் பார்த்தால் ஏதோ தின்றிருக்கிறது என்று விட்டுவிடுவோம். இந்த ஒன்றையாவது அழுத்திச் சொல்லுங்கள். அப்புறம், வயிறு நிறையத் தின்றும் மெலிந்துகொண்டே போகும் நாய். கணையம் போதுமான நொதிகளைச் சுரக்காவிட்டால் இப்படி ஆகும், ஷெப்பர்டுகளிடம் இது அதிகம். சாப்பாட்டில் நொதிப் பொடி கலந்து கொடுத்தால் தேறிவிடக்கூடிய ஒரு நாயை, பூச்சி மருந்தை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்து மாதக்கணக்கில் பட்டினி போட்டுவிடுகிறோம்.

முன்னங்காலைத் தரையில் நீட்டிப் படுத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும் நாயைப் பார்த்து 'கும்பிடுகிறான்' என்று படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். விளையாடக் கூப்பிடும்போதும் நாய் அப்படி நிற்கும் என்பது சரிதான். ஆனால் சோர்ந்த முகத்தோடு, சாப்பிடாமல், அதே நிலையில் அசையாமல் நின்றால் அது வயிற்று வலி. கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு வரும் கணைய அழற்சியாக இருக்கலாம்.

பெட்டியில் இருக்கும் மாத்திரையை எடுத்துக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மனிதர்கள் வலிக்குப் போடும் இபுப்ரோஃபென் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி ஓட்டை போடும். பேதியை நிறுத்தும் லோபரமைடு, கோலி (Collie) இன நாய்கள் பலவற்றுக்கு அவற்றின் மரபணுவில் உள்ள ஒரு மாற்றத்தால் மூளை வரை பாய்ந்துவிடும். விஷத்தைத் தின்றுவிட்டது என்று உப்புத் தண்ணீர் புகட்டினால் அந்த உப்பே நாயைக் கொன்றுவிடலாம்.

இதோடு சேர்த்து உங்களிடமும் ஒரு விண்ணப்பம். சுறுசுறுப்பாக, தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்கும் நாய்க்கு வரும் சாதாரணப் பேதி பெரும்பாலும் சில நாளில் தானே நின்றுவிடும். அதற்கு ஆன்டிபயாட்டிக் தேவைப்படாது, கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளும் சேர்ந்து போகும். இது உங்களுக்குத் தெரியும். 'ஏதாவது ஊசி போடுங்கள் டாக்டர்' என்று நாங்கள் நச்சரிப்பதால்தான் எழுதிக் கொடுக்கிறீர்கள் என்பது எனக்கும் தெரியும். எங்களுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை, வேண்டாம் என்று சொல்லுங்கள். எது வரை பொறுத்திருக்கலாம், எப்போது திரும்பி வர வேண்டும் என்று சேர்த்துச் சொல்லிவிட்டால் நாங்கள் கேட்டுக்கொள்வோம். மூன்று வாரம் தாண்டியும் நிற்காத பேதி வேறு விஷயம். அப்படிப்பட்ட நாய்களில் கணிசமானவை சாப்பாட்டை மாற்றினாலே குணமாகின்றன. ஆனால் சோதனைக்காகக் கொடுக்கும் உணவைத் தவிர வேறு எதுவும், ஒரு பிஸ்கட் துண்டுகூட, வாயில் படக்கூடாது என்பதற்குக் காரணத்தையும் விளக்குங்கள். காரணம் புரியாததால்தான் வீட்டில் யாராவது ஒருவர் பாவம் பார்த்து ரகசியமாக ஊட்டிவிடுகிறார்.

குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் நோயைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே நன்றாகச் சொல்கிறீர்கள். குட்டி நான்கு மாதத்தைத் தொடும்வரை ஊசிகளைத் தவற விடக்கூடாது என்பது பலருக்கு மனதில் பதிந்துவிட்டது. மற்றதும் அதே மாதிரி பதிய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இப்போது வீட்டில் ஒரு குட்டி இருக்கிறாள். போன வாரம் முதல் ஊசி போட்டார்கள். புதுத் தடுப்பூசி அட்டையைப் புரட்டிப் பார்த்தேன், கடைசிப் பக்கத்தில் 'குறிப்புகள்' என்ற தலைப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அதில் என் கையாலேயே எழுதினேன்: "வெறும் குமட்டல், உப்பிய வயிறு, நிலைகொள்ளாத தவிப்பு. நடுராத்திரி ஆனாலும் உடனே கிளம்பு." அடுத்த அட்டைகளை அச்சடிக்கும்போது இந்த வரியை நீங்களே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மணியை வளர்த்தவன்