திட்டவிலக்கமும் திருப்புத்திறனும் ஒரே கணக்குதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் திட்டவிலக்கம் வருகிறது, அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு. அடுத்த வருடம் பிளஸ் 1 இயற்பியலில் நிலைமத் திருப்புத்திறன் வருகிறது, அதாவது ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்ற அளவு. அடிப்படையில் இரண்டும் ஒன்றுதான் என்று என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை. இரண்டு சூத்திரங்களையும் தனித்தனியாக உருப்போட்டுவிட்டுப் பரீட்சைக்குப் போகிறார்கள். எனக்கு இது தீராத ஆதங்கம்.

மூன்று பேரின் மதிப்பெண் 40, 50, 60 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 50. இப்போது ஒரு மீட்டர் அளவுகோலில் 40, 50, 60 சென்டிமீட்டரில் ஒவ்வொரு கிலோ எடைக்கல்லை வைத்தால், எந்த இடத்தில் விரலைக் கொடுத்தால் சாயாமல் நிற்கும்? அதே 50-இல்தான். தூரத்தை எடையால் பெருக்கிக் கூட்டி மொத்த எடையால் வகுக்கிறோம், சராசரிக்கும் அதையேதான் செய்கிறோம். இது முதல் படி.

தூரத்துக்குப் பதில் தூரத்தின் வர்க்கத்தை எடுத்தால் இரண்டாம் படி. 50-இலிருந்து விலகல் 10, 0, 10. வர்க்கங்களின் கூடுதல் 200. அதை மூன்றால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்டவிலக்கம், சுமார் 8.16. வகுக்காமல் விட்டால், அளவுகோலின் எடையைக் கணக்கில் சேர்க்காமல், அந்த மூன்று கற்களும் 50-ஐச் சுற்றிச் சுழலும்போது உள்ள நிலைமத் திருப்புத்திறன். ஏன் வர்க்கம் என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். இரண்டு மடங்கு தள்ளி இருக்கும் கல் இரண்டு மடங்கு வேகமாகச் சுற்றுகிறது, இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அதைச் சுழற்ற நான்கு மடங்கு ஆற்றல் வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் அச்சை 0-க்கு மாற்றிப் பாருங்கள்: 1600, 2500, 3600, மொத்தம் 7700. அச்சு நகர்ந்த தூரம் 50, அதன் வர்க்கம் 2500. பழைய 200-உடன் கல்லுக்கு ஒன்றாக மூன்று தடவை 2500-ஐக் கூட்டினாலும் அதே 7700. பாதிப் பேர் பயப்படும் இணை அச்சுத் தேற்றம் இதுதான். சராசரியிலிருந்து அளந்தால்தான் வர்க்கங்களின் கூடுதல் மிகக் குறைவாக வரும் என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது.

1890களில் ஆங்கிலேயக் கணிதவியலாளர் கார்ல் பியர்சன் இந்தத் திருப்புத்திறன் முறையைப் புள்ளியியலுக்குக் கொண்டுவந்தபோது இயந்திரவியலில் இருந்துதான் எடுத்தார். விலகலின் கனத்தை எடுத்து மூன்றாம் படிக்குப் போனால் எண்களின் பரவல் எந்தப் பக்கம் நீள்கிறது என்பதும் தெரியும்.

பூமியையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே முழுக்க ஒரே அடர்த்தி என்றால் அதன் நிலைமத் திருப்புத்திறன் நிறையையும் ஆரத்தின் வர்க்கத்தையும் பெருக்கியதில் 0.4 பங்கு இருக்க வேண்டும். அளந்தால் கிடைப்பது சுமார் 0.33. அப்படியென்றால் கனமான பொருள் நடுவில் குவிந்திருக்கிறது! யாரும் தோண்டிப் பார்க்காத உட்கருவைப் பற்றி இந்த ஒரு எண் சொல்லிவிடுகிறது. நிலாவுக்கு 0.39, அதன் உட்கரு சிறியது. இதைக் கேட்டால் எந்தப் பிள்ளைக்குத்தான் ஆர்வம் வராது?

கணக்கு ஆசிரியரும் இயற்பியல் ஆசிரியரும் சேர்ந்து பிளஸ் 1-இல் ஒரே ஒரு பீரியட் இதை எடுக்கப் பள்ளிக் கல்வித் துறை வழிசெய்ய வேண்டும், அடுத்த முறை பாடநூலைத் திருத்தும்போது ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும்.

டியூஷன் ஆசிரியர் ஒருவர்,
திருச்சி