ஜூன் மாதத்தில் கேளுங்கள்

சின்னத்துறை, கன்னியாகுமரி மாவட்டம்,
ஜூன் 9

அன்புள்ள ஜெரோம்,

உன் கடிதமும் படங்களும் வந்தன. குழந்தை உன் சாயலில் இல்லை என்று என் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது ஜெபமாலைக்குத் தனியாகவே நடந்து போகிறார்கள். கடலேற்றத்தில் சாய்ந்த உங்கள் வீட்டு மதிலைச் சூசை அண்ணன் நிமிர்த்திக் கட்டிவிட்டார். பணம் அனுப்பினால் கோபித்துக்கொள்வேன் என்று சொல்லச் சொன்னார். பெனடிக்ட் சார் ரிட்டயர் ஆகியும் பிரம்பை விடவில்லை. ஊர்ச் செய்தி இவ்வளவுதான். மீதி எல்லாம் மீனைப் பற்றி, பொறுமையாகப் படி.

பிப்ரவரியில் கொச்சியில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. சூரை, சுறா, மயில் மீன் என்று எல்லை இல்லாமல் திரிகிற மீன்களைப் பிடிக்க என்ன ஒழுங்கு வேண்டும், மீனவர்களே சொல்லுங்கள் என்று அழைப்பு. சங்கத்தின் சார்பில் நான் போனேன். நடத்தியவர்கள் யார் என்பது இருக்கட்டும், பெயரைச் சொல்லிச் சண்டை போட இதை எழுதவில்லை. ஹால் நிறைந்திருந்தது. ஏற்றுமதிக்காரர்கள், ஏலக்காரர்கள், படகு முதலாளிகள், என்னைப் போலக் கரையில் கணக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும் இருந்தோம். தூண்டில் போடுகிற ஆட்களைத்தான் காணவில்லை. எப்படி இருப்பார்கள்? பிப்ரவரியில் நம் படகுகள் லட்சத்தீவுக்கு அந்தப் பக்கம் கிடக்கும். போனால் ஒரு மாதம், சில படகுகள் அதற்கும் மேல். வர முடியாதவர்கள் 30 நாளுக்குள் எழுதி அனுப்பலாம் என்று அழைப்பிதழின் அடியில் போட்டிருந்தார்கள்.

இருந்தும் படகை ஓட்டுகிற ஸ்ராங்கு ஒரே ஒருவர் வந்திருந்தார், நம் மரியதாசன் மாமா. அதே மரியதாசன் மாமாதான், நம்மை ஐஸ் பெட்டியில் உட்கார வைத்தவர். அவர் படகின் எஞ்சின் பழுதாகித் தோப்பும்படியில் நின்றதால் கரையில் இருந்தார். எஞ்சின் நன்றாக இருந்திருந்தால் அவரும் இல்லை.

திரையில் சுறாப் படங்களைப் போட்டுக்கொண்டே வந்தார்கள். உடம்பு அளவுக்கு வாலும் நீண்டிருக்குமே, அந்த நீள வால் சுறா வந்தது. பல நாடுகள் சேர்ந்திருக்கும் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2010ஆம் ஆண்டிலேயே இதை வைத்திருக்கவோ கரையிறக்கவோ கூடாது என்று முடிவெடுத்தது. 2012இல் அதை மறுபடி உறுதி செய்தது. மாட்டினால் உயிரோடு விட்டுவிட வேண்டும். மாமா எழுந்து நின்றார். மைக்கை வாங்கவில்லை, அவருக்கு அது தேவையும் இல்லை.

"சாரே, விடச் சொன்னா விடுதோம். ஆனா இது வாயில மாட்டுத மீன் இல்ல. வாலால எரைய அடிக்கும். அடிக்கும்போ வாலுல முள்ளு ஏறும். வாலுல மாட்டினா முன்னால நீந்த முடியாது. நீந்தலன்னா அதுக்கு மூச்சு இல்ல. விடியக்காலம் தூண்டிலை ஏத்தும்போ செத்துதான் கிடக்கும். செத்ததை விட்டா மீனுக்கு என்ன லாபம்? எந்த ஆழத்துல போட்டா இது மாட்டாது, எத்தன மணி நேரத்துல ஏத்தினா உயிரோட வரும், அதைக் கேளுங்க. அது எனக்குத் தெரியும்."

ஜெரோம், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தச் சுறா வாலால் இரையை அடிப்பதும், வாலில் தூண்டில் முள் ஏறி மாட்டுவதும் ஆராய்ச்சியாளர்கள் எழுதி வைத்திருப்பதுதான். மாமா அதைப் படித்தவரில்லை. அதற்கு மேலேயும் ஒரு படி போய், மாட்டாமல் இருக்க வழி சொல்கிறேன் என்றார். விதி எழுதுகிறவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? முன் வரிசையில் இருந்த ஒரு இளம் அதிகாரி, பெண் பிள்ளை, குனிந்து வேகமாக எழுதிக்கொண்டார். அப்புறம் வந்து மாமாவிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். அவருக்கு நல்லது நடக்கட்டும்.

கூட்டக் குறிப்பு போன வாரம் கைக்கு வந்தது. மாமா பேசியது அதில் ஒரே வரி: 'மீனவர் பிரதிநிதிகள் தடைக்கு எதிர்ப்புத் தெரிவித்தனர்.'

அவர் எதிர்க்கவே இல்லை! விடுகிறோம் என்றுதான் ஆரம்பித்தார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மாமாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

2001 உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஜூலையில் சுறா, திருக்கை அத்தனையையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். ஒரே அறிவிப்பில் நம் தூத்தூர்க் கரையின் எட்டு ஊரும் குற்றவாளி. நாட்டிலேயே ஆழ்கடலில் சுறா பிடிப்பதற்குப் பேர்போன தூத்தூர்க் கரையில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. போராட்டம், மனு என்று நம் ஆட்கள் அலைந்த பிறகு, டிசம்பரில் பட்டியலைப் பத்து இனமாகக் குறைத்தார்கள். திமிங்கிலச் சுறா, வேளா மீன்கள், கங்கைச் சுறா, பாண்டிச்சேரிச் சுறா என்று உண்மையிலேயே அருகிப்போனவை மிஞ்சின. எதைத் தொடக் கூடாது என்று தெளிவாகச் சொன்னால் படகில் இருப்பவன் அதைப் பார்த்து விடுவான். எல்லாமே குற்றம் என்றால் எதைத்தான் விடுவான்? அந்த ஐந்து மாதப் பாட்டைப் படாமலேயே, முதலில் கேட்டிருந்தால் அதே பட்டியல் வந்திருக்கும்.

அதற்குப் பிறகாவது பழகினார்களா என்றால், 2015 பிப்ரவரியில் சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்குத் தடை வந்தது, ஏலத்தில் விலை விழுந்த பிறகுதான் பாதிப் பேருக்குக் காரணமே தெரிந்தது. 2022இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்திப் பட்டியலை நீட்டினார்கள். 2025 நவம்பரில் தனிப் பொருளாதார மண்டலத்துக்கான, அதாவது மீன் பிடிக்க நம் நாட்டுக்கு உரிமையுள்ள கடல் பரப்புக்கான, மத்திய விதிகள் வந்தன: இயந்திரப் படகுகளும் பெரிய மோட்டார் படகுகளும் இணையம் வழியாக அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும், கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை. அதில் நல்லதும் இருக்கிறது, மறுக்கவில்லை. என் குறை, விதி வந்த பிறகு விளக்கக் கூட்டம் போடுகிற ஆர்வம் விதி எழுதும் முன்பு வருவதில்லை என்பதுதான்.

இப்போது ஒரு கணக்கைப் பார். செஷல்ஸில் தலைமையகம் வைத்திருக்கும் அந்தச் சூரை ஆணையத்தில் ஒரு முடிவு எடுத்தால், பிடிக்காத நாடு ஆட்சேபம் சொல்ல 120 நாள் உண்டு. ஆட்சேபித்த நாட்டை அது கட்டாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நாடுகள் ஆட்சேபித்தால் மற்றவர்களையும் கட்டாது. 2013இல் கடல் வெண்முனைச் சுறா விஷயத்தில் இந்தியாவே ஆட்சேபித்தது. 2023 பிப்ரவரியில் மொம்பாசாவில் கூடி, பெரிய வளைவலைக் கப்பல்கள் கடலில் மிதக்க விடும் மீன் திரட்டும் மிதவைகளுக்கு வருஷத்தில் 72 நாள் தடை என்று ஓட்டுப் போட்டு நிறைவேற்றினார்கள். இந்தியாவும் அதற்கு ஆதரவு. ஐரோப்பிய ஒன்றியமும் வேறு நாடுகளும் ஆட்சேபித்தன. தடை நடைமுறைக்கே வரவில்லை. கரையில் அலுவலகம், வக்கீல், இன்டர்நெட் எல்லாம் வைத்திருக்கிற அரசாங்கத்துக்கு யோசிக்க 120 நாள். சிக்னல் கிடைக்காத கடலில் ஒரு மாதம் கிடக்கிற ஸ்ராங்குக்கு 30 நாள். அவன் கரைக்கு வந்து குளித்து முடிப்பதற்குள் கெடு முடிந்திருக்கும்.

உன்னையும் இதில் இழுக்கிறேன். சுறா பிடிக்கிற அனுமதிக்குப் பரீட்சை எழுதினேன், வட்ட முள் வாங்கினேன் என்று பெருமையாக எழுதியிருந்தாயே, அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 2012 நவம்பரில் உங்கள் அமெரிக்க மீன்வளத் துறை அட்லாண்டிக் சுறாக்களுக்கு ஒரு திருத்தத்தை முன்வைத்தது. சாம்பல் நிறத்தில் பெரிதாக ஒரு சுறா, டஸ்கி என்கிறீர்கள், அது மிகவும் குறைந்துவிட்டது. அதைக் காப்பாற்ற, பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்கள் 96 அங்குலத்துக்குக் குறைந்த சுறாவை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அதில் ஒரு யோசனை. மக்களிடமிருந்து கருத்துகள் குவிந்தன. அதன் பேரில் டஸ்கியைத் தனியாகப் பிரித்து மறுபடி ஆராய்ந்தார்கள். கொம்பன் சுறா போன்றவற்றுக்கான பகுதி 2013இல் முடிந்தது. டஸ்கிக்கு 2017இல் வந்த விதியில் 96 அங்குலம் போய், சுறாவை அடையாளம் காணும் பயிற்சியும் வட்ட முள்ளும் வந்தன. உன் பரீட்சை அதுதான், ஜெரோம்.

அதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் பதில் சொல்லும் முறை. இறுதி விதியை வெளியிடும்போது வந்த கருத்துகளை வகை பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் ஏற்றோம், ஏற்கவில்லை, காரணம் இது என்று அச்சிடுகிறார்கள். கேட்டதெல்லாம் அங்கேயும் நடப்பதில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். நடக்க வேண்டாம். மரியதாசன் மாமா சொன்னது சொன்னபடி ஒரு காகிதத்தில் இருந்து, அதன் கீழே 'இது சரிப்படாது, காரணம் இது' என்று யாராவது எழுதியிருந்தால்கூட நான் இன்றைக்கு நிம்மதியாக இருப்பேன்.

நம் ஆட்களோடும் எனக்குத் தகராறு ஓடுகிறது. போன ஞாயிறு பூசை முடிந்து பேசும்போது, எந்த விதியும் வேண்டாம், எல்லாம் நம்மை ஒழிக்கத்தான் என்று நம் சிலுவையின் மகன் கத்தினான். அவன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் சுறா குறைந்துவிட்டது என்பதை அவன் அப்பாவே ஒத்துக்கொள்வார். அந்த நீள வால்காரி ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் இரண்டே குட்டிதான் போடும். நெத்திலியைப் போல அள்ளிவிட்டு அடுத்த வருஷம் திரும்பி வரும் என்று காத்திருக்க முடியாது. உலகத்தில் சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் ஆபத்தில் இருப்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். கட்டுப்பாடு வேண்டும், கட்டாயம் வேண்டும். அதை எழுதும்போது பிடிக்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். அவனிடமும் இதையே சொன்னேன். நான் கரைக்காரன் ஆகிவிட்டேனாம். ஆகட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017இல் ஒக்கிப் புயல் கொண்டுபோனவர்களை நினைத்துப் பார். எந்த மாதம் எந்த நீரோட்டத்தில் எந்தச் சுறா நிற்கும் என்று மனப்பாடமாகச் சொன்னவர்கள் அதில் இருந்தார்கள். உன் சித்தப்பாவும்தான். அவர்கள் உயிரோடு இருந்த காலத்தில் ஒருவர்கூட ஒரு நோட்டோடு வந்து உட்கார்ந்து கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. இனி அதை யாரிடம் போய்க் கேட்பது?

அதனால் ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் கரைக்குத் தடைக்காலம் அல்லவா, படகுகள் எல்லாம் உள்ளே, ஆட்கள் எல்லாம் வீட்டில். வருஷத்தில் ஸ்ராங்குகள் அத்தனை பேரும் கரையில் இருப்பது இந்த இரண்டு மாதம்தான். ஆழ்கடல் மீன்களைப் பற்றி எந்த வரைவு வந்தாலும் இந்த 61 நாளுக்குள் ஊருக்கு வந்து, தமிழிலும் மலையாளத்திலும் படித்துக் காட்டி, கருத்துக் கேட்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம் போட்டுவிட்டோம். ஒரு செலவும் இல்லாத கோரிக்கை, தேதியை மாற்றினால் போதும். மாநிலத் துறைக்கும் டெல்லிக்கும் அனுப்புகிறேன்.

அவர்கள் வரும்வரை காத்திருக்கவும் போவதில்லை. ஷாஜியும் நானும் சாயங்காலங்களில் ஒவ்வொரு ஸ்ராங்கு வீடாகப் போகிறோம். என்ன மீன், எந்த மாதம், எந்த ஆழம், முள்ளா வலையா, உயிரோடு வந்ததா செத்து வந்ததா, விட்டால் நீந்திப் போனதா. அவர்கள் சொல்கிற வார்த்தையிலேயே எழுதிக்கொள்கிறோம், நடுவில் திருத்துவதில்லை. நேற்று வள்ளவிளையில் ஒருவர், இரவில் கயிற்றை எவ்வளவு இறக்கினால் நீள வால் சுறா அதிகமாக மாட்டும் என்று சொல்லும்போது, அடுத்த வீட்டுக்காரர் வந்து அதை மறுத்தார். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று இரண்டு பேரும் முற்றத்தில் நின்று வாதாடினார்கள், அவர் மனைவி கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தும் யாரும் தொடவில்லை. இரண்டு பேர் சொன்னதையும் எழுதிக்கொண்டேன். சண்டை எங்கே இருக்கிறது என்பதும் விதி எழுதுகிறவர்களுக்குத் தெரியட்டும்.

உன்னால் எனக்கு ஒரு உதவி வேண்டும். அந்த 2017 விதியில் கருத்தும் பதிலும் அச்சிட்ட பக்கங்களை முழுசாக பிரிண்ட் எடுத்து அனுப்பு. சங்கத்தில் மேஜை மேல் போட்டு, ஒரு அரசாங்கம் இப்படியும் பதில் எழுதும் என்று நம் ஆட்களுக்கும், அடுத்த தடவை வருகிற அதிகாரிகளுக்கும் காட்ட வேண்டும். போனில் அனுப்பாதே, சின்ன எழுத்தை வைத்துக்கொண்டு யாரும் படிக்கப் போவதில்லை. உன் மச்சான் ஜூலை முதல் வாரம் வருகிறான் என்று அம்மா சொன்னார்கள், அவன் பெட்டியில் போட்டுவிடு. ஆகஸ்ட் பிறந்தால் மரியதாசன் மாமா கடலுக்குப் போய்விடுவார், அவர் கரையில் இருக்கும்போதே அது வந்து சேர வேண்டும்.

மேரிக்கும் குழந்தைக்கும் எங்கள் அன்பு.

உன்,
வின்சென்ட்