இரண்டாவது சாவி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய 5 படங்களும் வந்தன. ஜன்னல் நன்றாக இருக்கிறது. ஆனால் மூன்று படம் ஜன்னலாகவே இருந்தால் வீட்டை நாங்கள் எப்போது பார்ப்பது? அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, படத்தை விரலால் விரித்து விரித்துப் பார்த்துவிட்டு, "மேல் மாடி, மேற்குப் பார்த்த ஜன்னல், குழந்தை வெந்துபோய்விடுவாள்" என்றார். 32 வயதுக் குழந்தை!

முதலில் பூட்டைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். பூட்டை மாற்றினாயா? முன்பு குடியிருந்தவர்கள் எத்தனை சாவி வெட்டினார்களோ, யார் யாரிடம் கொடுத்து வைத்தார்களோ. முழுப் பூட்டையும் கழற்ற வேண்டியதில்லை, உள்ளே இருக்கும் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய். இரண்டாவது சாவியைப் பக்கத்தில் நம்பிக்கையானவர் யாரிடமாவது கொடுத்து வை. பூந்தொட்டிக்கு அடியில் வைக்காதே. திருடன் முதலில் தூக்கிப் பார்ப்பது பூந்தொட்டியைத்தான்.

மேல் மாடியில் நாம் மூன்று கோடை இருந்திருக்கிறோம், உனக்கு நினைவிருக்காது. பகல் முழுக்கக் குடித்த வெயிலைத் தளம் ராத்திரியில்தான் கக்கும். வெளியே காற்று இதமாகிவிட்ட பிறகும் உள்ளே புழுங்குவது அதனால்தான். காய்ச்சலோ என்று பயந்துவிடாதே. விடிவதற்கு முன்பே எல்லா ஜன்னலையும் திற. எதிரெதிராக இரண்டு திறந்திருந்தால்தான் காற்று ஓடும், ஒன்றை மட்டும் திறந்து வைத்துக் காற்று வரவில்லை என்று குறை சொல்லக் கூடாது. வெயில் ஏறியதும் மூடிவிடு. பகலில் திறந்து வைத்தால் அனலைக் கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி. அந்த மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் தட்டி கட்ட முடிந்தால் அதுதான் நல்லது. வெயில் கண்ணாடியைத் தாண்டுவதற்கு முன்பே தடுக்க வேண்டும், தாண்டி வந்த சூட்டைத் திரை முழுதாகத் தடுக்காது. இருந்தாலும் திரை வேண்டும். அளவு கேட்டு இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை.

இங்கே எல்லோரும் சுகம். தம்பிக்குப் பரீட்சை முடிந்தது, தூங்குகிறான். பெரியத்தை வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனார்கள். என்ன கேட்டிருப்பார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. "மேல் மாடி, நல்ல காற்று" என்று மட்டும் சொன்னேன்.

நீயே டிரில் பிடித்துச் சுவரில் அலமாரி மாட்டினாய் என்று தம்பி சொன்னான். எனக்கு ஒன்பதாவது வீட்டில்தான் ஆணி அடிக்கவே வந்தது, அதுவும் கோணலாக. அன்றைக்கு முழுக்க வந்தவர் போனவரிடமெல்லாம் "என் பெண் டிரில் போடுகிறாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அதை நான் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? அவனோடு பேச ராத்திரியில் அரை மணி நேரம் கிடைக்கிறது. எனக்கு ஜன்னல் படம் வருகிறது. சரி, அது இருக்கட்டும். சுவிட்ச் பலகைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடாதே. வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும்.

ஃபிரிட்ஜைப் படுக்க வைத்து ஏற்றி வந்தார்கள் என்றாயே, நிமிர்த்தியதும் சில மணி நேரம் சும்மா விட்டுவிட்டுத்தானே பிளக்கைச் சொருகினாய்? கம்ப்ரெஸரின் எண்ணெய் இறங்க வேண்டும். குழாயில் தண்ணீர் சன்னமாக வந்தால் உடனே பிளம்பரைக் கூப்பிடாதே, முனையில் இருக்கும் சல்லடையைத் திருகிக் கழற்றிப் பார், மணல் அடைத்திருக்கும். சாவி விஷயத்தை மறந்துவிடாதே. ராத்திரியில் ஏதாவது என்றால் கதவைத் திறக்க வெளியே ஒருவர் இருக்க வேண்டும்.

நாலாவது படத்தை நான் பலமுறை பார்த்துவிட்டேன். ஜன்னலை எடுக்கப்போய் அதற்குக் கீழே இருப்பதும் விழுந்திருக்கிறது. ஒரு நாற்காலி. அதன்மேல் மடிக்காத துண்டு. பக்கத்தில் மூன்று அட்டைப்பெட்டி. ஒன்றில் உன் கையெழுத்தில் 'புத்தகம்', இன்னொன்றில் 'உடையும்'. மூன்றாவதில் எதுவும் எழுதவில்லை, டேப் மட்டும் நாலு சுற்று. கதவோரம் ஒரு ஜோடி செருப்பு.

குடிவந்து 7 வாரம் ஆகிறது. பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தால் வீடு பஸ் நிலையம் மாதிரித்தான் இருக்கும், அடுத்து எது வரும் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். ஒரு நாளைக்கு ஒன்று பிரி. முதலில் புத்தகம்.

நான் ஒருவரைப் பற்றி விசாரிக்கவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய். நீ சொல்லாமல் கேட்கக் கூடாது என்று இருந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை பாப்பா.

நாலு மாதத்துக்கு முன்பு ராத்திரி பதினொன்றரை மணிக்கு நீ போன் செய்தாய். "அம்மா, கொஞ்ச நாள் அங்கே வந்து இருக்கட்டுமா" என்றாய். "மணி என்ன ஆகிறது, படு, காலையில் பேசிக்கொள்ளலாம்" என்றேன். தூக்கக் கலக்கத்தில் சொல்லிவிட்டேன் என்று பிறகு உன்னிடம் சமாதானம் சொன்னேன். நான் தூங்கவே இல்லை. விழித்துத்தான் படுத்திருந்தேன். உன் குரலைக் கேட்டதுமே விஷயம் புரிந்துவிட்டது. புரிந்தவுடன் எனக்குத் தோன்றியது நீ இல்லை, பெரியத்தைக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான். காலையில் நீயே மறுபடியும் அழைத்தாய். நான் வராத கொரியரைப் பற்றிப் பேசினேன். கொரியர்காரன் எந்தத் தெருவில் தேடினான், யாரிடம் கேட்டான் என்பதுவரை சொன்னேன். நீயும் "ம்" போட்டுக்கொண்டே இருந்தாய். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. அடுத்து வந்த செய்தி, வீடு பார்த்துவிட்டேன் என்பது.

உன் அறையில் தையல் மெஷின் நிற்கிறது. நகர்த்த ஐந்து நிமிடம் ஆகாது. அன்றைக்கும் ஆகியிருக்காது.

இதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. வேலை பக்கத்தில் என்பதால் வீடு மாறினாய் என்றே பேசுகிறார். ஆனால் நேற்று அவரும் நாலாவது படத்தை நெடுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பச்சைப் பெட்டியை இறக்கி, இடுக்கிக்கும் குறடுக்கும் எண்ணெய் போட ஆரம்பித்துவிட்டார். இந்த வீட்டில் எதுவும் கழன்றுபோகவில்லை.

சாவியை இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை என்றால் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதே. நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். எந்தக் கிழமை உனக்கு விடுமுறை என்று மட்டும் எழுது. ஒரே நாற்காலி என்றால் இருக்கட்டும், தரை குளிர்ச்சியாக இருக்கும். பேச வேண்டாம் என்றால் பேச வேண்டாம், திரை மாட்டிவிட்டு வருகிறேன். எழுதாத பெட்டியை நான் தொட மாட்டேன்.

அம்மா

பி.கு. அப்பா எழுதச் சொன்னது: மீட்டர் பக்கத்தில் 'டெஸ்ட்' என்று சின்னப் பொத்தான் இருந்தால் மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டுமாம். மின்சாரம் சட்டென்று நின்றால், ஷாக் அடிக்காமல் காக்கும் அந்த சுவிட்ச் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். புழங்காத குளியலறை இருந்தால் வடிகுழியில் அவ்வப்போது ஒரு குவளைத் தண்ணீர் ஊற்று, வளைவில் நிற்கும் தண்ணீர் கோடையில் வற்றிவிட்டால் நாற்றம் மேலே வரும். நான் கேட்பது: ஜன்னல் அளவு வேண்டாம், கம்பி மாட்டப்போகும் அகலம் வேண்டும், சட்டத்துக்கு இரண்டு பக்கமும் 15 சென்டிமீட்டர் தள்ளி எடு. துணி அதைப்போல் இரண்டு மடங்கு வாங்க வேண்டும், அதனால் தோராயமாகச் சொல்லாதே.