கோதுமை ஆகாத வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு, பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் சாப்பாட்டுக் கடையிலிருந்து வணக்கம்.

"பிள்ளைக்கு சீலியாக் இருக்கு அண்ணாச்சி, இங்க என்ன குடுக்கலாம்?" என்று கேட்டு வருகிறீர்கள். கூட்ட நேரத்தில் கல்லாவில் நின்றபடி அரைகுறையாகச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. அதனால் எழுதியே தருகிறோம்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சீலியாக் என்ற நோய் உள்ளவர் அதைச் சாப்பிட்டால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கத் தொடங்கும். சத்து ஒட்டாது, ரத்தசோகை வரும், பிள்ளைகள் வளர்ச்சி குன்றிப்போவார்கள். ஆயுசுக்கும் சாப்பாட்டுக் கட்டுப்பாடுதான் வைத்தியம். வட இந்தியாவைவிட நம் பக்கம் இந்த நோய் குறைவு. அதனாலேயே ஹோட்டல்களுக்கு இது பழக்கமில்லை. "ஒரு வாய்தானே" என்று யார் உபசரித்தாலும் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். தொந்தரவு எதுவும் வெளியே தெரியாவிட்டாலும் குடல் புண்படும்.

பரோட்டா, பூரி, சேமியா, ரவா தோசை ஆகாது என்பது உங்களுக்கே தெரியும். அரிசிதானே என்று நம்பி எடுக்கிற இடத்தில்தான் ஆபத்து. சாம்பாரில் போடும் கூட்டுப்பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். ஃப்ரைடு ரைஸுக்கு ஊற்றும் சோயா சாஸை வழக்கமாகக் கோதுமை சேர்த்துத்தான் தயாரிக்கிறார்கள். சமோசா பொரித்த எண்ணெயில் போட்டால் உருளைக்கிழங்கு வறுவலும் கெட்டது. பரோட்டா போட்ட கல்லில் ஊற்றிய தோசையும் அப்படியே. மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு அரிசியை அரைத்தால் அந்த அரிசி மாவையும் நம்ப முடியாது.

அப்புறம் அல்வா. "பாலைத்தானே எடுக்கிறாங்க, கோதுமையையா போடுறாங்க?" என்று பலர் கேட்கிறார்கள். சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டிப் பிழிந்த பால்தான் அது. எவ்வளவு வடிகட்டினாலும் குளூட்டன் கலந்தே வரும். திருநெல்வேலியில் இருந்துகொண்டு பிள்ளைக்கு அல்வா இல்லை என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் கொடுக்காதீர்கள்.

சரி, எங்கள் கடையில் என்ன சாப்பிடலாம்? காலை நேரத்தில் இட்லி, இடியாப்பம், சொதி, தேங்காய்ச் சட்னி. கிரைண்டரில் அரிசியும் உளுந்தும் தவிர வேறு எதையும் ஆட்டுவதில்லை. இடியாப்ப மாவை வெளி மில்லுக்கு அனுப்பாமல் கடையிலேயே அரைக்கிறோம். சொதியிலும் சட்னியிலும் பெருங்காயம் கிடையாது. கரண்டியைத் தனியாக வைத்து, வாழை இலையில் பரிமாறுவோம். சாம்பார் வேண்டாம்; தோசைக்கும் இப்போதைக்கு எங்களால் உறுதி தர முடியாது.

'குளூட்டன் இல்லாதது' என்று போர்டு மாட்டவில்லை. அப்படிச் சொல்லி விற்கும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அதை அளந்து பார்க்கும் வசதி எங்களிடம் இல்லை. அளக்காமல் போர்டு வைப்பது உங்கள் பிள்ளையின் உடம்போடு விளையாடுவது.

சந்தேகத்தில் தாங்களாகவே கோதுமையை நிறுத்தியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு முன்பே நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் பிடிபடாமல் போகலாம். முதலில் வயிறு, குடல் மருத்துவரைப் பாருங்கள்.

சாயங்காலம் பரோட்டா மாவு பிசையத் தொடங்கியதும் சமையல்கட்டு முழுக்க மாவு பறக்கும். சீலியாக் உள்ளவர்கள் அதற்கு முன்பே வந்துவிடுங்கள். உட்கார்ந்ததும் பரிமாறுகிற தம்பியிடம் "கோதுமை ஆகாது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் கையைக் கழுவிவிட்டு வந்து இலை போடுவார்.

இப்படிக்கு,
கடைக்காரர்கள்